தூள் மேஸ்திரி கட்டிய கக்கூசு

நாமக்கல் பட்டறைகளில் ஆயுள் முழுக்க லாரிகளுக்கு பாடி கட்டிய மனிதர், தன் வாழ்நாளின் தலைசிறந்த வேலை என்று ஒரு கக்கூசைத்தான் சொல்வார். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் தூள் மேஸ்திரி. நான் அந்தப் பட்டறையில் ஆபீஸ் குமாஸ்தா.

போர்வெல் வற்றிய கோடையில் அதைப் பட்டறைக்குப் பின்னால் கட்டினார். குழிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது. கால் கழுவ ஓரமாகத் தனி இடம். அந்தத் தண்ணீர் வாழைக்குப் போய்விடும். எழுந்ததும் குழியில் இரண்டு கொட்டாங்குச்சி மரத்தூள். குழிக்கு அடியில் இருக்கும் தொட்டி நிறைந்தால் அதை மூடிவிட்டு அடுத்த தொட்டிக்கு மாற வேண்டும். மூடியது ஒரு வருடத்தில் எருவாகிவிடும். கதவு, பழைய லாரிக் கதவு. அதில் 'ஒலி எழுப்பவும்' என்று பெயின்ட் அடித்து, பக்கத்தில் ஒரு ரப்பர் ஹாரனும் தொங்கவிட்டிருந்தார்.

வெளியே வருகிறவர்களுக்கு விசாரணை உண்டு.

"தூள் போட்டீங்களா சாமி?"

"போட்டனுங்க."

"எத்தனை?"

"ரெண்டுங்க."

உள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். "நடுவுல ஈரம் தெரியுது. இன்னொண்ணு போட்டுட்டு வாங்க." புது லாரி எடுக்க மாலையோடு வந்த ஒரு முதலாளியே திரும்பிப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

எங்கள் முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். "ஒரு நாள் நாத்தம் வந்தாலும் இடிச்சுப்போடுவேன்."

"இடிச்சா நானும் கெளம்பிருவனுங்க" என்றார் மேஸ்திரி. சொன்னால் செய்கிற ஆள்.

இரண்டு வருடம் நாற்றமே இல்லாமல் ஓடியது. அப்போதுதான் லாரி வாங்க வெளிமாநிலத்துப் பார்ட்டி வருவதாகத் தகவல் வந்தது. மரியாதைக்குக் குறைவு வரக் கூடாதே என்று, மேஸ்திரி சாப்பிடப் போன சமயத்தில், நான் ஒரு வாளி பினாயில் தண்ணீரைக் குழிக்குள் ஊற்றிவிட்டேன். என்ன புத்தியோ. மூன்றாம் நாள் பட்டறையில் நிற்க முடியவில்லை. முதலாளி மூக்கில் கைக்குட்டையோடு வந்தார்.

"எவன் தண்ணி ஊத்துனது?"

மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நாந்தானுங்க. வயசாச்சு, கவனம் பெசகிப்போச்சு. பத்து நாள் குடுங்க."

ஈரத்தையெல்லாம் அவரே அள்ளினார். காய்ந்த தூளைக் கலந்து கலந்து போட்டார். வெட்கத்தோடு நான் சாக்குப் பிடித்தேன்.

"நான்தான்னு எப்படிங்க தெரிஞ்சுது?"

"இந்தப் பட்டறையில பினாயில் வாங்கற கிறுக்கன் உங்களை உட்டா வேற ஆரு சாமி?"

பத்தாம் நாள் நாற்றம் இல்லை. போன வருடம் மூடிவைத்த தொட்டியிலிருந்து ஒரு கை எருவை அள்ளி முதலாளியின் கையில் வைத்தார். அவர் தயங்கித் தயங்கி மோந்து பார்த்தார். "ஏரி மண்ணாட்டம் இருக்குதே" என்றார். அதற்குப் பிறகு இடிக்கிற பேச்சு எழவில்லை.

போன ஆடியில் மேஸ்திரி போய்ச் சேர்ந்தார். நான் இப்போது சேலத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். பொத்தானை அழுத்தினால் தண்ணீர் கொட்டுகிறது. ஆனாலும் கதவைத் திறந்து வெளியே வந்ததும் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். யாரும் எதுவும் கேட்பதில்லை.