ஒலியடிகள் அவிழ்த்த ஊமைக்கட்டு

டயர் கடைக்கு மேலே இருந்த மாடிக்கூடத்தில் காலை ஒன்பது மணிக்கே நாற்காலிகள் தீர்ந்துவிட்டன. வந்தவர்கள் மடியில் எல்லாம் கம்ப்யூட்டர். காய்ச்சல் கண்ட குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதுபோலச் சிலர் துண்டில் சுற்றி அணைத்து வைத்திருந்தார்கள். ஒரு வாட்டசாட்டமான ஆள் மேசைக் கம்ப்யூட்டரின் பெட்டியையே தோளில் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்திருந்தார். மிருகக் கதைகளை நாலு குரலில் சொல்லிப் பதிவு செய்பவர். எல்லோரும் அவரைப் பெட்டிக்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

அத்தனை பேருக்கும் ஒரே நோய். வீட்டில் மைக் வைத்துப் பாட்டோ கதையோ பதிவு செய்கிறார்கள். ஹெட்போனில் கேட்டால் தேனாக ஒலிக்கிறது. சரி, யாருக்காவது அனுப்பலாம் என்று எக்ஸ்போர்ட் செய்தால் கோப்பு வருகிறது. கோப்புக்கு நீளம் இருக்கிறது, எடை இருக்கிறது. சத்தம் மட்டும் இல்லை. நாற்பது நிமிடம் சுத்தமான நிசப்தம்.

இந்த நோய்க்கு ஒலியடிகள் வைத்த பெயர் ஊமைக்கட்டு. வேண்டாதவர் வயிற்றெரிச்சல் காற்றில் கலந்து, மைக் வழியாக உள்ளே போய், பெட்டிக்குள் முடிச்சுப் போட்டு உட்கார்ந்துகொள்ளுமாம். ஒரு நோய்க்குப் பெயர் வைத்துவிட்டால் பாதி நம்பிக்கை தானாக வந்துவிடும். மீதிப் பாதிக்கு அடிகள் ஒரு கறுப்புத் துணி வைத்திருந்தார்.

சிகிச்சை இப்படித்தான் நடக்கும். அடிகள் ஒரு இசைக்கவையை மேசை விளிம்பில் தட்டுவார். 'ங்ஙீ' என்று அது ரீங்கரிக்கும்போதே கம்ப்யூட்டரை மூன்று சுற்றுச் சுற்றுவார். பிறகு கறுப்புத் துணியைத் தன் தலைக்கும் திரைக்கும் சேர்த்துப் போர்த்திக்கொள்வார். உள்ளே ஐந்து நிமிடம். வெளியே கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். துணி விலகியதும் எக்ஸ்போர்ட். கோப்பு பேசும். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். காணிக்கைப் பெட்டி வாசல் பக்கம் இருந்தது. வெளியே போகிறவர்கள் அதில் மோதிக்கொள்ளாமல் போக முடியாது.

முன்னொரு காலத்தில் அடிகள் ஸ்பீக்கர் கடையில் விற்பனையாளர். கடை மூடிய மறுவாரம் ஒலி அவரை அழைத்ததாம். அழைப்பு வந்ததும் அவர் இலவச வகுப்பு ஆரம்பித்தார். வீட்டிலேயே பதிவு செய்வது எப்படி என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பென்டிரைவ் கொடுத்தார். அதில் ஆசிக் கோப்பு என்று ஒன்று இருந்தது. எந்தப் பதிவானாலும் அதைத் திறந்து அதற்குள்தான் ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி கருகும் என்பது அவர் வாக்கு.

உலகத்திலேயே ஊமைக்கட்டு விழுந்தது அவருடைய மாணவர்களுக்கு மட்டும்தான். இதை அந்தக் கூடத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் நாற்காலி கிடைத்திருக்கும்.

அன்று திங்கட்கிழமை. மூன்றாவது வரிசையில் அறிவியல் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருடம் வகுப்பறையில் கத்தியதில் அவள் குரல்நாணில் ஒரு கட்டி வளர்ந்திருந்தது. வியாழக்கிழமை அறுவை. குரல் திரும்பும், அதே குரலாக இருக்குமா என்று சத்தியம் செய்ய முடியாது என்று டாக்டர் நேர்மையாகச் சொல்லிவிட்டார். தள்ளிப்போட்டால் தழும்பு ஏறும், அப்புறம் திரும்புவதும் சந்தேகம் என்றும் சொல்லியிருந்தார். அவளுடைய வகுப்புக்குப் பொதுத்தேர்வு வருகிறது. மாற்று ஆசிரியர் இன்னும் வரவில்லை. அதனால் வீட்டில் உட்கார்ந்து நாற்பது பாடங்களைப் பேசிப் பதிவு செய்து முடித்திருந்தாள். நாற்பதில் பேசியது மூன்று. மூன்றும் அடிகள் துணிக்குள் போய்வந்தவை. அவர் ஒரு கட்டை அவிழ்த்தால் ஒரு பாடம் பேசும். அடுத்த பாடம் மறுபடி ஊமை.

நான்காவது முறையாக அவள் முறை வந்தது. அடிகள் கவையைத் தட்டவில்லை. அவள் கழுத்தைப் பார்த்தார். கண்ணை மூடினார். எதற்கு ஆபரேஷன், எப்போது என்றெல்லாம் போன தடவை அவளே சொல்லியிருந்தாள். இப்போது அதையே அவர் ஞானதிருஷ்டியில் கண்டார்.

"கட்டு இப்போ பெட்டியில இல்லம்மா. தொண்டைக்கு இறங்கிடுச்சு. வியாழக்கிழமை கத்தி பட்டுதுன்னா குரல் அதோட போச்சு. மூணு மாசம் தள்ளிப் போடுங்க. வாரம் ஒரு தடவை இங்க வாங்க."

கூடம் உச்சுக்கொட்டியது. டீச்சர் லேப்டாப்பை மூடிக்கொண்டு படியிறங்கினாள். கணவருக்குப் போன் செய்தாள். அவரோ, பெரியவர் சொல்றார்னா ஏதாவது இருக்கும், எதுக்கு வம்பு என்று முடித்துவிட்டார். எதுக்கு வம்பு என்பது அவர் பிறந்தது முதல் எடுத்துவரும் ஒரே முடிவு.

வீட்டுக்கு வந்தபோது சமையலறைத் தொட்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நாத்தனாருடைய கால்கள். குழாய் வேலை செய்பவள். குடும்பத்தில் அவளுக்கு ஸ்பேனர் என்று பெயர். கையில் இருப்பதற்காக மட்டும் வைத்த பெயர் இல்லை. எதையாவது பிடித்தால் கழற்றாமல் விடமாட்டாள்.

அறுவையைத் தள்ளிப்போடச் சொல்ல ஆஸ்பத்திரி எண்ணைத் தேடிக்கொண்டே டீச்சர் நடந்ததைச் சொன்னாள். ஸ்பேனர் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்த ஊமையைக் கொஞ்சம் காட்டு என்றாள்.

ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு ஏழாம் பாடத்தைக் கேட்டாள். சோதனை செய்வது எப்படி என்ற பாடம். டீச்சரின் கரகரத்த குரல் உள்ளே பேசிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு அவள் பேச்சுக்குத் தகுந்தாற்போல் எகிறி எகிறி விழுந்தது.

"அண்ணி, இந்தப் பச்சை ஆடுதே, இது என்ன?"

"அது என் குரல் ஓடுற ட்ராக்."

"சரி. வலது ஓரத்துல ஒண்ணு செத்துக் கெடக்கே?"

"அது மாஸ்டர். எல்லா ட்ராக்கும் கடைசில அதுக்குள்ளதான் வந்து சேரும். அங்கேர்ந்துதான் கோப்பு..." டீச்சர் பாதியில் நிறுத்தினாள். தான் சொன்னதைத் தானே அப்போதுதான் கேட்டாள்.

"குழாய்ல தண்ணி கொட்டுது, மீட்டர் சுத்தலை. எங்க தொழில்ல இதுக்கு ஊமைக்கட்டுன்னு சொல்ல மாட்டோம் அண்ணி. திருட்டு இணைப்புன்னு சொல்லுவோம். தண்ணி மீட்டருக்குள்ள போகாம சந்து வழியா நேரா உன் காதுக்கு வருது." ஹெட்போனைத் தட்டிக் காட்டினாள். "இதுல நீயே சொல்றியே, ஒண்ணை மட்டும் மாத்து, மத்ததை அப்படியே வைன்னு. பிள்ளைங்களுக்கு மட்டுந்தானா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஆஸ்பத்திரி எண்ணை மூடினாள். ஆசிக் கோப்பைத் தொடாமல் வெறும் புதுக்கோப்பு ஒன்றைத் திறந்தாள். பெட்டி கருகவில்லை. பத்து விநாடி பேசினாள், எக்ஸ்போர்ட் செய்தாள். பேசியது. அதே பத்து விநாடியை ஆசிக் கோப்புக்குள் ஒட்டி எக்ஸ்போர்ட் செய்தாள். ஊமை. ஒரே அறை, ஒரே மைக், ஒரே தொண்டை. மறுபடி செய்தாள். ஆறு தடவை செய்தாள். ஸ்பேனருக்கே கொட்டாவி வந்துவிட்டது.

பிறகு ட்ராக்கின் ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பொத்தான் கண்ணில் பட்டது. மாஸ்டருக்கு அனுப்பு. ஆசிக் கோப்பில் அது அணைந்திருந்தது. அதற்குப் பதிலாக ஹெட்போனுக்கு ஒரு தனிவழி போட்டிருந்தது. ஹெட்போனிலேயே கேட்டுச் சரிபார்க்கிறவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. பொத்தானை அமுக்கினாள். ஏழாம் பாடம் பேசியது. மாலைக்குள் முப்பத்தேழும் பேசின.

அவள் வேலை அதோடு முடிந்தது. எதுக்கு வம்பு என்று கணவர் வழியில் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கூடத்தில் ஒரு மேடைப் பாடகி இருந்தாள். அவள் பாட்டை ஊமையாக்கியது கூடப்பிறந்த தங்கையின் பொறாமை என்று அடிகள் சொல்லி, ஏழு மாதமாக அக்காவும் தங்கையும் பேசுவதில்லை. டீச்சரால் அதை மறக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை. அடிகள் துணியிலிருந்து அப்போதுதான் தலையை வெளியே எடுத்திருந்தார். பாடகியின் லேப்டாப் பாடிக்கொண்டிருந்தது. கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. டீச்சர் எழுந்து, ஒரு சின்ன சோதனை செய்துகொள்ளலாமா என்று பணிவாகக் கேட்டாள். அடிகள் பெருந்தன்மையாகக் கையசைத்தார். கூட்டத்துக்கு முன்னால் மறுக்க முடியாத தொழில் அவருடையது.

பாடகி ஒரே வரியைப் பாட வேண்டும். பூ விழுந்தால் வெறும் புதுக்கோப்பு, தலை விழுந்தால் ஆசிக் கோப்பு. பெட்டிக்காரர் நாணயம் சுண்டினார். எட்டுத் தடவை. பூ விழுந்த மூன்று தடவையும் கூடத்து ஸ்பீக்கர் பாடியது. தலை விழுந்த ஐந்து தடவையும் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. வயிற்றெரிச்சலுக்குப் பூவா தலையா ஆடத் தெரிந்திருந்தது.

அடிகள் தொண்டையைக் கனைத்தார். "புதுக்கோப்பு பச்சைக் குழந்தை மாதிரிம்மா. கட்டு அதைச் சும்மா விட்டிருக்கு. வளர்ந்ததும் பிடிக்கும்."

சிலர் தலையாட்டினார்கள். இருக்குமே என்றுகூட ஒருவர் சொன்னார். பொய்க்கு ஒரு கால் போனால் கூட்டம் தன் காலைக் கழற்றிக் கொடுக்கும்.

ஆனால் பதிவு மென்பொருளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எதை அமுக்கினாலும் நேரத்தோடு ஒரு பட்டியலில் எழுதி வைத்துக்கொள்ளும். டீச்சர் பாடகியின் லேப்டாப்பில், அடிகள் சற்றுமுன் குணப்படுத்திய பாட்டைத் திறந்தாள். செயல் பட்டியலை விரித்து, கடைசி வரியைக் கூட்டத்துக்கு உரக்கப் படித்தாள்.

"பத்து மணி பன்னிரண்டு நிமிஷம். மாஸ்டருக்கு அனுப்பு, இயக்கப்பட்டது. இவ்வளவுதான் இருக்கு. அந்த நேரத்துல துணிக்குள்ள இருந்தது யாரு?"

டீச்சரோடு வந்திருந்த ஸ்பேனர் கடைசி வரிசையிலிருந்து கேட்டாள்.

"ஒரே ஒரு பொத்தான். மிச்ச நேரமெல்லாம் உள்ள என்ன சாமி பண்ணீங்க? வேர்த்தீங்களா?"

யாரோ ஒருவர் சிரித்தார். அந்த ஒரு சிரிப்பு போதுமானதாக இருந்தது. இரண்டாவது வரிசை சிரித்தது, பிறகு கூடமே சிரித்தது. பிறகு சிரிப்பு நின்று நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பாடகி மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பொத்தானை அணைத்துப் பார்த்தாள். ஊமை. போட்டுப் பார்த்தாள். பாட்டு. "என் தங்கச்சியை..." என்று ஆரம்பித்தவள் முடிக்காமல், போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள். அந்தச் சந்தடியில் அடிகள் பின்பக்கப் படி வழியாக இறங்கிவிட்டார். கறுப்புத் துணியை மறக்காமல் எடுத்துப்போனார். வேறு தெருவில் வேறு மாடி இருக்கும்.

வியாழக்கிழமை அறுவை நடந்தது. பதினான்கு நாள் வாயே திறக்கக்கூடாது என்றார் டாக்டர். வீட்டில் டீச்சர் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். பள்ளியில் நாற்பது பாடங்களும் பேசிக்கொண்டிருந்தன.

அவளுக்குப் பேச்சில்லாத நாட்களில் வாசலில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். மடியில் கம்ப்யூட்டர். ஸ்பேனரம்மா ஒரு தடவை கை வச்சா போதும், அவங்க கை ராசியான கை என்றார்கள். ஒரு அம்மாள் அந்த ஸ்பேனரையே லேப்டாப் மேல் லேசாக வைத்து எடுக்கச் சொன்னாள். அதற்கு ஸ்பேனர் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.

பதினைந்தாம் நாள் காலை டாக்டர் அனுமதி கொடுத்தார். இன்று ஒரே ஒரு வாக்கியம், மெதுவாக. கணவர் எதிர்பார்ப்போடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டீச்சர் அந்த வாக்கியத்தை வகுப்புக்கென்று பத்திரமாக வைத்திருந்தாள். அப்போது பெட்டிக்காரர் தோளில் பெட்டியோடு உள்ளே வந்தார்.

டீச்சர் அவரையே நாற்காலியில் உட்காரவைத்தாள். பொத்தானைச் சுட்டினாள். சிலேட்டில், நீங்களே அமுக்குங்கள் என்று எழுதினாள். அவர் பயபக்தியோடு கையைத் துடைத்தார். திரைக்கு அருகில் கொண்டுபோனார். திரும்பினார்.

"டீச்சர், வலது கையால அமுக்கணுமா, இடது கையாலயா?"

டீச்சர் சிலேட்டைக் கீழே வைத்தாள். குரல் வந்தது. பழையதைவிட அரைச் சுருதி தடித்திருந்தது. ஆனாலும் அவளுடைய குரல்தான்.

"எந்தக் கையா இருந்தாலும் சரி, அதுக்கு முன்னால கொஞ்சம் மூளையை அமுக்கிப் பாருங்க."