ராஜா பேர் இல்லாத காசு

தெலாவி,
அக்டோபர் 14

மதிப்பிற்குரிய சம்பந்தி அன்சோர் அவர்களுக்கு, ஜும்பெர் எழுதிக்கொள்வது. இங்கே நானும் திராட்சைத் தோட்டமும் நலம். அங்கே நீங்களும் உங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நலம் என்றா எழுதினேன்? நிம்மதி போய் நாலு நாளாகிறது, எல்லாம் நீங்கள் மூட்டிவிட்ட வம்பு. பேரனுக்கு உங்கள் பெயரா என் பெயரா என்று விருந்தில் சண்டை முற்றியபோது, ஒயின் ஊறவைக்கும் சாடியை மண்ணில் புதைக்க நான் தோண்டிய குழியில் கிடைத்த வெள்ளிக்காசைத் தூக்கிக் காட்டி, "இதுல எந்த ராஜா பேர் இருக்கோ அதையே வெச்சிடுவோம்"னு மாட்டுக்கொம்புக் கோப்பை நிறைய ஒயினோடு என்னிடம் சத்தியம் வாங்கியது யார்? நீங்கதானே! ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். பெயரைக் கேட்டுப் பாதிரியார் ஆள்மேல் ஆள் அனுப்புகிறார். சரி என்று தலைநகர் திபிலீசி வரை மினிபஸ்ஸில் நின்றுகொண்டே போய், அருங்காட்சியகத்தில் காசு படிக்கிற அம்மாளிடம் கொடுத்தேன். காசில் சிலுவை இருந்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. சுற்றிலும் அரபு எழுத்தில் "பிதா, சுதன், பரிசுத்த ஆவி"ன்னு போட்டிருக்காம். இருக்கட்டும்மா, ராஜா பேர் எங்கே? திருப்பினார். "இது மங்கோலியர் எழுத்து. 'பெரிய கானின் பெயரால் அபாகா அடித்தது.' அவ்வளவுதான் இருக்கு. கான்னா மங்கோலியப் பேரரசர், அபாகா அவருக்குக் கீழே இங்கே ஆண்டவர்."

"நம்ம ராஜா?"

"அவர் பேர் இல்லைங்க. அவர் அப்ப மங்கோலியருக்கு வரி கட்டிக்கிட்டிருந்தார்."

"ஓரத்துல பாருங்கம்மா, ஒரு எழுத்தாவது..."

"வேற காசுங்கள்ல நம்ம ராஜா பேரை ரெண்டெழுத்தாச் சுருக்கியாவது போட்டிருப்பாங்க. உங்க அதிர்ஷ்டம், இதுல அதுவும் இல்ல."

வீட்டுக்கு வந்து சொன்னால் என் மனைவி நதேலா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "வாடா என் அபாகா, பால் குடிக்க வா"ன்னு ஊர் கேட்கக் கூப்பிடுகிறாள். அந்த வழியாய் வந்த பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டு ஓட்டம் பிடித்தார். சத்தியத்தை மீறினால் என் மானம் போகும், மீறாவிட்டால் பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் மானம் போகும். நான் என்னதான் செய்வது, சொல்லுங்கள்! ஆகவே மனசைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுக்கொடுக்கிறேன். அன்சோர் என்றே வைத்துத் தொலையுங்கள். எழுதும்போதே வயிறு எரிகிறது.

உங்கள் கொடியில் பழமும் மேசையில் ஆளும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஜும்பெர்

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது உங்கள் மகள் ஹாத்தியா வந்து எட்டிப் பார்த்தாள். "எதுக்கு மாமா இதெல்லாம்? பொறந்த வாரமே பிள்ளை பேரை ஆபீஸ்ல லூக்கான்னு பதிஞ்சாச்சே." ஏம்மா சொல்லலைன்னு கேட்டேன். "நீங்க யாரும் என்னைக் கேக்கலையே. அந்தக் காசுல மாதிரிதான் மாமா. மரியாதைக்குப் பெரியவங்க பேரைச் சொல்லிக்கலாம். கான் பேரைப் போட்டாலும் காசு அடிச்சவர் அபாகாதானே. பெத்தவ நான்." அன்சோர், அந்தக் காசில் இல்லாத ராஜா நாம்தான். தொட்டில் நான் வாங்கினேன், குழந்தையைத் தள்ளிப்போகும் வண்டி நீங்கள் வாங்கினீர்கள். வரி மட்டும் ஒழுங்காகக் கட்டியிருக்கிறோம்.