தூரமோ அண்ணையின் வான்

போகிற இடத்தைச் சொல்லாமலே ஊர் சுற்றிக் காட்டுகிற ஒரே மனிதர், இந்தப் பூமியில், எங்கள் சண்டிலிப்பாயில்தான் இருக்கிறார். சொந்தமாக வெள்ளை வான் ஒன்று வைத்திருக்கிறார். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் கேணி, கடல், கடல்நீர் தேங்கும் களப்பு, மணல்மலை எல்லாம் காட்டிப் பொழுதுபட வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். ஆனால் எங்கே போகிறோம் என்று மட்டும் அவரிடம் வாய் திறந்து கேட்கக்கூடாது.

வெளிக்கிடுகிறவர்களைப் பார்த்து "எங்கை போறியள்?" என்று கேட்பது எங்கள் பக்கத்தில் சகுனப் பிழை. கேட்டே ஆகவேண்டுமென்றால் "தூரமோ?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். ஊரார் இந்தச் சட்டத்தை வாசலோடு விட்டுவிட, அண்ணை மட்டும் அதை வானுக்குள்ளும் ஏற்றிவிட்டார். நடுவழியில் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால் போச்சு! வானைத் திருப்பி, வீட்டுக்கே வந்து, எல்லாரையும் இறக்கி, ஆளுக்கொரு மிடறு தண்ணீர் குடிக்கவைத்து, கொஞ்சநேரம் இருத்தி எழுப்பித்தான் மறுபடி வெளிக்கிடுவார். தூரமோ அண்ணை என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

போன தை மாதம் என் அக்காவும் அத்தானும் கனடாவிலிருந்து வந்திருந்தார்கள். அக்காவுக்கு ஒரே ஆசை, பூநாரை.

"மற்றதெல்லாம் யூடியூப்பிலை பாத்திட்டனடா. பூநாரை களப்பிலை நிக்கிறதை என்ரை கண்ணாலை பாக்கவேணும். நாங்கள் இருந்த சண்டைக் காலத்திலை களப்புக் கரைக்குப் போக ஆர் விட்டவங்கள்?"

கலியாணவீடு, கோயில், விருந்து என்று நாட்கள் ஓடி, கடைசியில் மிஞ்சியது ஒரு பகல்தான். அன்றிரவே கொழும்புக்குப் பஸ், மறுநாள் விமானம்.

அந்தப் பகலுக்கு அண்ணையின் வானைப் பிடித்து, பூநாரை ஆசையையும் அவர் காதில் போட்டுவைத்தேன். அத்தானுக்குச் சட்டத்தைப் படித்துப் படித்துச் சொன்னேன். என்ன பயன்? கடைக்குப் பால் வாங்கப் போனாலும் போனில் வழி பார்த்துக்கொண்டு போகிற மனிதர் அவர். நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்து, "அடி இல்லையாமோ! மெய்யாவே அடி இல்லையாமோ!" என்று குதித்துவிட்டு, அதே உற்சாகத்தில் வானில் ஏறி, "சரி அண்ணை, அடுத்தது எங்கை போறம்?" என்றார்.

அண்ணை ஏசவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வான் சுன்னாகம் தாண்டிச் சண்டிலிப்பாய்க்கு வந்து நின்றது. தண்ணீர் குடித்தோம், இருந்தோம், எழும்பினோம்.

மணற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். மணல்மலையில் செருப்பைக் கழற்றிய அத்தான் ஆடிய ஆட்டம் எந்தத் திருவிழாவிலும் காணக் கிடைக்காது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். சவுக்கு நிழலில் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வானுக்குள் எவரும் மூச்சுவிடவில்லை. அத்தான் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டிருந்தார்.

பட்டின நெரிசலுக்குப் பயந்து அண்ணை குருநகர்க் கரையால் வானை விட்டார். அங்கே ஒரு தள்ளுவண்டிக்கு வழிவிட நின்றோம். மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் அண்ணையைக் கண்டுவிட்டு, வாய் நிறையச் சிரித்தபடி கேட்டார்:

"எங்கை அண்ணை, சனத்தை ஏத்திக்கொண்டு போறியள்?"

எங்களுக்கு உயிரே போய்விட்டது. வீட்டுக்குப் போய்த் திரும்பினால் இருட்டிவிடும்.  அக்கா முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. அண்ணை அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"தங்கச்சி, முந்தி ஒருக்காலும் பாத்ததில்லையோ?"

"இல்லை அண்ணை."

"முருகா!" என்று பெருமூச்சுவிட்டுக் கியரைப் போட்டார். வான் திரும்பவில்லை. நேரே போனது! பண்ணைப் பாலத்தால் பறந்தது!

மண்டைதீவுப் பக்கம், களப்பில், தண்ணீரே தெரியாதபடி பூநாரைகள். வான் நிற்குமுன்பே அக்கா குதித்து ஓடினார். "ஐயோ, அங்கை பார்! அங்கை பார்!" என்று கத்தியபடி சேற்றுக்குள் இறங்கினார். பறவைகள் ஒரேயடியாக எழும்பின. நிற்கும்போது வெள்ளையாய்த் தெரிந்தவை, சிறகு விரித்ததும் சிவந்து போயின. அத்தான் கைதட்டினார். நான் எதற்கென்று தெரியாமலே கூக்காட்டினேன்.

அண்ணை மட்டும் வானைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

"வந்து பாருங்கோவன் அண்ணை!"

"நீங்கள் பாருங்கோ தம்பி. நான் ரயரைப் பாக்கவேணும்."

மறுநாள் தொடங்கியது தொல்லை. "தம்பி, தங்கச்சி பிளேன் ஏறியாச்சோ?" என்று போன். ஏறியாச்சு என்றேன். கொஞ்சநேரத்தில், "இறங்கியாச்சோ?"

"அண்ணை, பிளேன் இன்னும் இந்தியாவே தாண்டேல்லை!"

விட்டால்தானே? திரும்பத் திரும்ப எடுத்தார். எனக்குச் சரியான எரிச்சல். கடைசியில், அதற்கு அடுத்தநாள், அக்கா இறங்கிவிட்ட செய்தி வந்ததும், நேரே போய் நாலு வார்த்தை கேட்பதென்று மோட்டார்சைக்கிளை எடுத்தேன்.

அண்ணை முற்றத்தில், வானின் சாரதி ஆசனத்தில், சும்மா இருந்தார். அன்றைக்கு வந்த ஓட்டங்களையெல்லாம் வேண்டாமென்று திருப்பி அனுப்பியிருந்தார்.

"இறங்கியாச்சு அண்ணை. சுகமாப் போய்ச் சேந்திட்டா."

அவர் சற்றுநேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வீட்டுப் பக்கம் பார்த்து, "இஞ்சேரும், சோத்தைப் போடும்!" என்றார்.

அவர் மனைவி வெளியே வந்தார். "குருநகரிலை ஆரோ கேட்டதாம், இந்த மனுசன் திரும்பாமல் போட்டுதாம். உங்கடை அக்காவுக்கு ஒண்டும் வரக்கூடாதெண்டு முந்தநாள் பின்னேரத்திலையிருந்து ஒரு வாய் சாப்பிடேல்லைத் தம்பி."

  நான் வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தவன்தான். இருந்தாலும் அவருக்குப் பக்கத்தில் இருந்து, இன்னொருமுறை சாப்பிட்டேன்.