மாப்பிள்ளைக்கு மூன்று விசில்

குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் ஆவி சார் அடுப்பை அணைத்தார். உள்ளே வெந்துகொண்டிருந்தது மீன் தொட்டியின் ஸ்பாஞ்சு.

ஆவி சார் என்றதும் பயப்பட வேண்டாம். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கத்திகளையும் கத்தரிக்கோல்களையும் நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் அறைக்கு இருபத்திரண்டு வருடமாக அவர்தான் பொறுப்பு. அவர் முத்திரை இல்லாத தட்டை எந்த டாக்டரும் தொட மாட்டார். தலைமை டாக்டரே ஒருமுறை கழுவிய கைகளைத் தூக்கிப் பிடித்தபடி அவருக்காகக் கால் மணி நேரம் நின்றார். இந்தக் கதையை ஆவி சார் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். சிலரிடம் இரண்டு முறை.

மீன் தொட்டி மனைவியுடையது. அதில் ஒன்பது வருடமாகக் குடியிருப்பது ஒரே ஒரு தங்கமீன். பெயர் மாப்பிள்ளை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் முகம் காட்டுவதால் வந்த பெயர். வீட்டில் மாப்பிள்ளைக்கு அப்புறம்தான் தனக்கு மரியாதை என்பது ஆவி சாருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது மனைவி சொன்னார்: "தொட்டியில கூழாங்கல்லை எடுத்துட்டு மணல் போடணும், புது ஃபில்டர் மாட்டணும். நான் வந்து பார்த்துக்கறேங்க."

"ஆபரேஷன் தியேட்டருக்கே பதில் சொல்றவன், ஒரு தொட்டியைப் பார்த்துக்க மாட்டேனா? திங்கட்கிழமை வந்து பாரு, அசந்துடுவே!"

மனைவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு சீட்டு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார். 'கல்லைப் பாதி பாதியாக எடுக்கவும். பழைய ஸ்பாஞ்சைப் புது ஃபில்டருக்குள் வைக்கவும். கழுவ வேண்டாம்.' கடைசி இரண்டு வார்த்தைக்கு அடியில் இரண்டு கோடு.

வெள்ளிக்கிழமை ஆவி சாருக்கு விடுமுறை. மாப்பிள்ளையை வாளிக்கு மாற்றிவிட்டு வேலையை ஆரம்பித்தார். பாதி அழுக்கை எடுத்துவிட்டு மீதியை விடுவது அவர் ரத்தத்திலேயே கிடையாது. மொத்தக் கல்லையும் வாரிக் கொட்டினார். மணலைப் பதினோரு தண்ணீரில் அலசினார். கடைசியாகப் பழைய ஃபில்டரைத் திறந்து ஸ்பாஞ்சை எடுத்தார். கன்னங்கரேல் என்று கொழகொழத்தது. அளவும் பாதிதான் இருந்தது. மீதியை அழுக்கே தின்றிருக்கும் என்று முடிவு செய்தார்.

சீட்டை மறுபடி படித்தார். கட்டளையை மீறும் ஆள் அல்ல அவர்.

"கழுவ வேண்டாம்னுதானே எழுதியிருக்கா? வேகவைக்க வேண்டாம்னு எழுதலையே!"

இப்படித்தான் ஸ்பாஞ்சு குக்கருக்குள் போனது. சாயங்காலம் புது மணல், புது ஃபில்டர், பளிங்கு போன்ற தண்ணீர். தொட்டி வழியாகப் பார்த்தால் அந்தப் பக்கச் சுவர்க் காலண்டரின் தேதி தெரிந்தது. ஆவி சார் தொட்டிக்கு நான்கு பக்கமும் நின்று பார்த்து, பெருமை தாங்காமல் அதற்கு ஒரு முத்திரை குத்தலாமா என்றுகூட யோசித்தார்.

சனிக்கிழமை காலையில் தண்ணீர் பால் மாதிரி இருந்தது.

"எங்கேயோ ஒரு கிருமி தப்பிச்சிருக்கு," என்று பல்லைக் கடித்தார். எல்லாப் பாத்திரத்திலும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, தொட்டித் தண்ணீர் முழுவதையும் மாற்றினார். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கொதித்த தண்ணீரில் காற்றே இல்லாததால் மாப்பிள்ளைக்கு மூச்சு பிடித்துக்கொண்டது. மேலே வந்து வாயைப் பிளந்தபடி நின்றது.

மனைவியிடமிருந்து போன் வந்தது. "மாப்பிள்ளை எப்படி இருக்கார்?"

"மேல இருக்கார்."

"மேலயா! போயிட்டாரா?"

"சேச்சே! தண்ணிக்கு மேல வந்து வேடிக்கை பார்க்கறார்னு சொன்னேன்."

ஒன்பது வருடம் அவள் வளர்த்த உயிர் தன் கையால் போய்விடுமோ என்று முதன்முறையாகப் பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மறுபடி வெளுத்தது. மாப்பிள்ளை மணலில் வயிற்றை வைத்துப் படுத்துவிட்டது. சாப்பாடு போட்டும் எழவில்லை. மாப்பிள்ளை சாப்பாட்டை மறுத்தால் நிலைமை விபரீதம்தான். ஆவி சார் மீன் கடைக்காரருக்குப் போன் செய்தார்.

"தண்ணியில கிருமி இருக்கா சார்?"

"ஒண்ணு கூடக் கிடையாது!" என்றார் ஆவி சார், அந்த நிலைமையிலும் நெஞ்சை நிமிர்த்தி.

"ஐயையோ! மீனோட கழிவைத் தின்னு செரிக்கறதே அந்தக் கிருமிதான் சார். பழைய கல்லுலயும் ஸ்பாஞ்சுலயும்தான் குடியிருக்கும். கல்லு?"

"கொட்டிட்டேன்."

"ஸ்பாஞ்சு?"

"குக்கர்ல வெச்சேன்."

"எத்தனை விசில் சார்?"

"மூணு."

"புதுசா வளர ஒரு மாசம் ஆகும். மீன் அதுவரைக்கும் தாங்காது. எங்க கடைத் தொட்டிகள்ல நேத்துதான் மருந்து போட்டோம், உதவாது. தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது நல்ல அழுக்குத் தொட்டி இருந்தா, அவங்க ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்குங்க."

நல்ல அழுக்குத் தொட்டி ஒன்று ஆவி சாருக்குத் தெரியும். கீழ்வீட்டுத் தையல்காரர் கடையில், மிஷினுக்குப் பக்கத்தில் பச்சைப் பசேலென்று இருந்தது. போன மாதம்தான் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே, "இது தொட்டியா, இல்ல பாசிப் பண்ணையா?" என்று கேட்டுவிட்டு வந்திருந்தார்.

ஒரு கிண்ணத்தோடு படியிறங்கினார். நாலு படி இறங்கி, இரண்டு படி ஏறி, மறுபடி இறங்கினார். பச்சைக்குள்ளிருந்து ஆறேழு மீன்கள் கொழுகொழுவென்று எட்டிப் பார்த்தன.

"வாங்க சார்," என்று தையல்காரர் மிஷினை நிறுத்தினார். "பேண்ட்டா, முழுக்கைச் சட்டையா?"

"அதெல்லாம் இல்ல..." ஆவி சார் கிண்ணத்தை நீட்டினார். "உங்க அழுக்கு கொஞ்சம் கிடைக்குமா?"

இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. சொன்னதும் கண் கலங்கிவிட்டது. "மாப்பிள்ளை படுத்துட்டார். அவ நாளைக்கு வர்றா. நான் கழுவலை, வேகவெச்சுட்டேன்."

தையல்காரர் சிரிக்கவில்லை. காரணமும் கேட்கவில்லை. தொட்டிக்குள் கையை விட்டு, ஓரமாகக் கிடந்த ஒரு கறுப்பு ஸ்பாஞ்சை எடுத்துக் கிண்ணத்தில் வைத்து, தொட்டித் தண்ணீரையும் ஊற்றினார். ஆவி சார் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். அப்போதுதான் கவனித்தார்: ஸ்பாஞ்சின் ஒரு பக்கம், கத்தரிக்கோலால் வெட்டியது போல் நேராக இருந்தது.

"இதைக் குடுத்துட்டா உங்க மீனுக்கு?"

"இது என்னுது இல்ல சார், வியாழக்கிழமையே உங்க வீட்டம்மா பாதியா வெட்டி இங்க போட்டுட்டுப் போனாங்க; 'எங்க வீட்டுக்காரர் தொழில்ல அவ்வளவு சுத்தம், கழுவ வேண்டாம்னா கழுவ மாட்டார், குக்கர்லதான் வைப்பார், ஞாயித்துக்கிழமை வருவார், குடுத்துடுங்க'ன்னு சொல்றப்ப, அவங்க முகத்துல என்ன பெருமைங்கறீங்க!"