நாட்டார் உட்கார்ந்துவிட்டார்

பேட்டி எடுக்கப் போகிறவன் முதலில் கவனிக்க வேண்டியது, எதிரே இருப்பவருக்கு மூச்சு வருகிறதா என்பது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. (சொல்லித் தர வேண்டிய விஷயமா இது?)

எழுபதுகளின் கடைசி. வேலூரில் ஒரு சின்னப் பத்திரிகையில் தற்காலிக நிருபராக இருந்தேன். ஒருநாள் ஆசிரியர் கூப்பிட்டார்.

"மெட்ராஸ்ல ஷெரீப்னு ஒருத்தர் இருக்காருல்ல, வேலை கிடையாது, மரியாதை மட்டும்? ஜவ்வாது மலையிலயும் அப்படி ஒரு பதவி இருக்குதாம். நாட்டாருன்னு பேரு. அதோட வரலாறு பொங்கல் மலருக்கு வேணும். எழுதிட்டு வந்தா உன் வேலை நிரந்தரம். இல்லன்னா உங்க மாமா அரிசி மில்லுக்கே போய்டு."

மாமா மில்லில் உமியோடு உமியாகக் கிடந்தவன் நான். மறுநாளே போளூரில் பஸ் ஏறிவிட்டேன்.

ஜமுனாமரத்தூரில் இறங்கி, பனிமூட்டத்துக்குள் நடந்து அந்த ஊருக்குப் போனபோது உச்சிப்பொழுது. ஊரே ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தது. யாரும் பேசவில்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. (எனக்குத்தான் வரவேற்பு என்று காலரைச் சரிசெய்துகொண்டேன்.)

"நாட்டார் இருக்காருங்களா?"

நாட்டாரின் மகன் எழுந்து வந்தார். "உக்காந்துட்டாருங்க."

"நல்லதாப் போச்சு. உள்ள போய்ப் பாக்கலாமா?"

"பாக்கத்தான எல்லாரும் வந்துருக்காங்க. போங்க."

உள்ளே இருட்டு. சாம்பிராணிப் புகை. (கொசுவுக்குப் போலிருக்கிறது.) நாட்டார் சுவரோடு நிறுத்திய ஒரு பலகையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் வெள்ளிப் பூண் போட்ட கோல். தாடையைச் சேர்த்துத் துணி கட்டியிருந்தது. (மலைக்குளிர், பாவம்.) பாதி திறந்த கண் என்னையே பார்த்தது.

"அய்யா, இந்தப் பதவி எப்போ ஆரம்பிச்சுது?"

பதில் இல்லை.

"தீர்ப்பெல்லாம் நீங்கதான் சொல்வீங்களாமே?"

அதற்கும் இல்லை. பெரிய மனிதர், யோசிக்கிறார் என்று காத்திருந்தேன். புகைக்குள் அந்த முகம் லேசாகச் சிரித்தது போலிருந்தது. "காது கேக்குதுங்களா?" என்று கையைத் தொட்டேன். ஓடைக்கல் மாதிரி சில்லென்றிருந்தது. கோல் அந்த விரல்களை விட்டு நழுவி என் பக்கம் சாய, விழாமல் பிடித்துவிட்டேன்.

வாசலில் ஊரே எழுந்து நின்றது.

"இன்னா சார் பண்ணிட்டீங்க!" மகன் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாட்டாரு செத்துட்டாருன்னு நாங்க சொல்ல மாட்டோம் சார், உக்காந்துட்டாருன்னுதான் சொல்வோம். அந்தக் கோல யாரு வாங்குறாங்களோ அவருதான் அடுத்த நாட்டாரு. நான் குளிச்சிட்டு வந்து வாங்கலாம்னு இருந்தேன்!"

அய்யோ என்று அலறிக் கோலை நீட்டினேன். அவர் பின்வாங்கினார். "ஒருத்தர் வாங்கிட்டா, மண்ணு போட்டப்புறம்தான் கை மாத்தலாம். அதுவரிக்கும் நீங்கதான்."

தேடி வந்த வரலாற்றை அப்புறம் ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒரு காலத்தில் வழக்கு, வரி எல்லாம் நாட்டார் கையில். போலீசும் தாலுகா ஆபீசும் வந்தபிறகு கோல் ஒன்றுதான் மிச்சம். ஆனால் பதவி ஒரு கணமும் காலியாக இருக்கக் கூடாது. கோல் கைமாறும்வரை இறந்தவரே நாட்டார். பதவியில் இருப்பவருக்காக யாரும் அழக் கூடாது. அதற்கப்புறமும், புது நாட்டார் சொன்னால்தான் அழலாம்.

மூலையில் இறந்தவரின் மகள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். இப்போது என்னைப் பார்த்தாள்.

"அழலாமாங்க, நாட்டாரே?"

"அழும்மா" என்றேன். அந்த அழுகையை இன்றுவரை மறக்க முடியவில்லை. யாரென்றே தெரியாத மனிதருக்காக நானும் தேம்பித் தேம்பி அழுதேன்.

மண் போட்டு, கோலை மகன் கையில் கொடுத்துவிட்டு, மறுநாள் வேலூர் திரும்பினேன். ஆசிரியர் எல்லாவற்றையும் கேட்டார்.

"சரி, நாட்டாரு இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலைங்க."

"பொணத்தப் பேட்டி எடுத்தோம்னு எப்படிப்பா மலர்ல போடுறது?"

மில்லுக்கே போனேன். ஆயுசு முழுக்க உமிதான்.

ஆனால் ஒருதரம் நாட்டாராக இருந்தவர் என்றைக்கும் நாட்டார்தானாம். வருடந்தோறும் மலையிலிருந்து ஒருவர் தேனும் சாமையும் கொண்டு வந்து, என் மனைவியிடம் பணிவாகச் சொல்லிவிட்டுப் போவார்: "எதுனா ஆச்சுன்னா படுக்க வச்சிடாதீங்கம்மா. சொல்லி அனுப்புங்க, நாங்க வந்து உக்கார வெக்கிறோம்." வீடே விழுந்து விழுந்து சிரிக்கும்.

போன வருடம் வந்தவர் கையில் ஒரு நூல்கண்டு இருந்தது. "கொஞ்சம் நேரா உக்காருங்க" என்று சொல்லி என்னை இடுப்பிலிருந்து தலைவரை அளந்தார். பலகைக்கு அளவு வேண்டுமாம்.

நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது என் மனைவி.