ஐப்ரோ அக்காவின் கறுத்த விரல்

கிள்ளானில் ஐப்ரோ அக்காவுக்குப் பயப்படாத அரசியல்வாதிகள் இருக்கலாம். பயப்படாத புருவம் ஒன்றுகூடக் கிடையாது.

அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. லிட்டில் இந்தியாவின் பின்தெருவில், மிளகாய் அரைக்கும் மில்லுக்கு மேல்மாடியில் அவளுடைய பியூட்டி பார்லர். பார்லர் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு ஃபேன். கீழே மில் ஓடினால் மேலே எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டும். நூல் போட்டு முடி பிடுங்குகிற வலிக்கும் சேர்த்து அங்கேயே அழுதுவிட்டு வந்துவிடலாம்.

ஆனால் அந்தக் கை! பிரிக்ஃபீல்ட்ஸில் ஏர்கோன் போட்டு, காப்பி கொடுத்து, கொள்ளை அடிக்கிற கடைகளுக்கெல்லாம் நான் போயிருக்கிறேன். இவள் கை எவளுக்கும் வராது. அதனால்தான் இவ்வளவு அதட்டலையும் பொறுத்துக்கொண்டு செராஸிலிருந்தும் ஷா ஆலமிலிருந்தும் பெண்கள் வந்தார்கள்.

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் வேலை செய்வாள். வேலை நடக்கும்போது பேச முடியாது. பேச வேண்டுமென்றால் வேலையை நிறுத்த வேண்டும். மற்ற நாட்களில் அவள் நிறுத்துவதே இல்லை. ஓட்டுப்போடும் நாளில் மட்டும் நிறுத்துவாள்.

ஓட்டு நாள் என்றால் இங்கே மலேசியாவில் பெண்களுக்கு என்ன? லீவு. லீவு என்றால் துணி எடுப்பது, தலைமுடி வெட்டுவது, புருவம் எடுப்பது. அன்றைக்குக் காலையில் அவள் மாடிப்படியில் கூட்டம் நிற்கும். அக்கா ஒருத்தியை உட்கார வைப்பாள். ஒரு புருவத்தை அழகாக முடிப்பாள். பிறகு நூலைப் பல்லிலிருந்து எடுப்பாள்.

"விரல காட்டு."

இடது கை ஆள்காட்டி விரலில் மை இருந்தால் அடுத்த புருவம். இல்லையென்றால் துண்டை உதறி மடித்து வைத்துவிடுவாள்.

"போய்ப் போட்டுட்டு வா லா. இன்னொண்ணு எங்க போகப்போவுது, உன் மூஞ்சிலதான இருக்கும்."

கெஞ்சினாலும் அசைய மாட்டாள். பாங்கில் வேலை செய்கிற ஒரு பெண்ணுக்கு ஐசியில், அதாவது அடையாள அட்டையில், ஈப்போ முகவரி. ஈப்போவுக்குப் போனால்தான் ஓட்டு. அவள் அழாத குறையாகச் சொன்னாள். மாலையில் நிச்சயதார்த்தம் வேறு இருந்தது அவளுக்கு. பஸ் ஓடுகிறது, ரயிலும் ஓடுகிறது என்று மட்டும் அக்கா சொன்னாளாம். அந்தப் பெண் ஈப்போவுக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு, ஒரு புருவம் வில்லாகவும் இன்னொன்று புதராகவும் நிச்சயதார்த்தத்தில் நின்றாள். போட்டோவில் எல்லாவற்றிலும் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார், பெண்ணுக்கு ரொம்ப வெட்கம் என்று மகிழ்ந்து போனார்களாம்.

எனக்கும் அது நடந்தது. நான் ஒரு லோரி கம்பெனியில் வேலை செய்கிறவள். டிரைவர்களோடு கத்திக் கத்தி வளர்ந்த வாய் இது. அன்றைக்கு நான் அக்காவிடம் நேராகவே சொன்னேன். ஓட்டுக் கேட்கும்போது வீட்டு வாசலில் வந்து கும்பிடுகிறான், ஜெயித்தபிறகு கார் கண்ணாடியைக்கூட இறக்குவதில்லை, எல்லாம் ஒரே கூட்டம், இவர்களுக்காக நான் வெயிலில் நிற்க மாட்டேன் என்றேன். இதில் ஒரு சொல்லைக்கூட நான் இன்றைக்கும் திரும்ப வாங்கப் போவதில்லை. அக்கா மறுத்துப் பேசவில்லை. துண்டை மடித்தாள்.

"அவ்வளவு கோவம் இருக்குல்ல? அத இங்க வந்து கொட்டுனா எனக்கு எதுக்கு? பெட்டில போயி போடு."

ஒற்றைப் புருவத்தோடு ஓட்டுப்போடும் ஸ்கூலுக்குப் போனேன். ஐசியை வாங்கிய கிளார்க் என் முகத்தைப் பார்த்தார், ஐசியைப் பார்த்தார், மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார். முறைத்தேன். சீட்டைக் கொடுத்துவிட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யாருக்குப் போட்டாய் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. யாராவது தானாகவே சொல்ல வாயைத் திறந்தால் நூலை ஒரு இழு இழுப்பாள். சொல்ல வந்தது அலறலாக முடிந்துவிடும். ஒரு வேட்பாளரின் மனைவி புருவம் எடுக்க வந்து, எங்கள் வீட்டுக்காரரை மறந்துவிடாதீர்கள் என்று கண்ணாடியைப் பார்த்தே பிரசாரம் செய்தாள். அந்த அம்மாளின் அலறல் கீழே மிளகாய் மில்லுக்குக் கேட்டது.

இவ்வளவு அதிகாரம் பண்ணுகிற ஐப்ரோ அக்காவுக்கு ஓட்டு கிடையாது.

அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அவளே சொல்வாள். பந்திங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பிறந்ததை அப்பா அம்மா பதியவில்லை. தோட்டத்தில் அப்போது அப்படி எத்தனையோ பிள்ளைகள். வளர்ந்தபிறகு அலைந்து அலைந்து கிடைத்தது சிவப்பு ஐசி. இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கேயே கல்யாணம் கட்டி, வரி கட்டி, புருஷனையும் இங்கேயே எரித்துவிட்டு, இங்கே தங்கியிருக்க அனுமதி உள்ளவள் என்று ஒரு அட்டை. எனக்கு இப்போது எழுதும்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் வாயாடி ஒருத்தி, ஒற்றைப் புருவ ஆத்திரத்தில் கேட்டேவிட்டாள். "உனக்கே ஓட்டு இல்ல. எங்கள ஏன்க்கா மெரட்டுற?"

அக்கா நூலைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். மாடிப்படிக்குக் கீழே சாக்கடை அடைத்து, மழை வந்தால் நாற்றத் தண்ணீர் படியேறி வருகிறது என்று சொல்ல ஒரு அரசியல்வாதியின் சேவை மையத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே இருந்த பையன் உட்கார வைத்து, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டானாம். கடைசியில் ஐசியைக் கேட்டிருக்கிறான்.

"செவப்ப பாத்தான். ஆன்டி, நீங்க இங்க ஓட்டர் இல்லையான்னான். இல்லைன்னேன். பேனாவ மூடிட்டான் லா. ஏசல, வெரட்டல. மூடிட்டான், அவ்வளவுதான். உங்களுக்கெல்லாம் பேனாவ தொறந்து வச்சிருக்கான். நீங்க லீவுன்னு புருவம் எடுக்க வர்றீங்க."

கேள்வி கேட்டவள் எழுந்து படியிறங்கிப் போய்விட்டாள். ஓட்டுப் போடத்தான் போனாள்.

குடிமக்களுக்குக் கொடுக்கிற நீல ஐசிக்கு அவள் மனுப் போட்டுக்கொண்டே இருந்தாள். நிராகரிப்பார்கள். திரும்பப் போடுவாள். கூப்பிட்டு மலாய் பேசச் சொல்வார்கள். என்னைவிட நன்றாகப் பேசுவாள். தேசிய கீதம் பாடச் சொல்வார்கள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பாடப் போவாள், போதும் என்று உட்கார வைப்பார்கள். காரணம் சொல்லாமல் மறுபடியும் இல்லை என்பார்கள். நானாக இருந்தால் மேசையைத் தூக்கி அடித்திருப்பேன். அவள் அடுத்த நாள் வந்து கடையைத் திறந்து நூலைப் பல்லில் கடிப்பாள்.

பேரப்பிள்ளை பார்க்கிற வயதில் நீல ஐசி வந்தது. அந்த வாரம் பார்லருக்குப் போன எல்லோரும் அதை வாங்கிப் பார்த்து, போட்டோ நன்றாக விழுந்திருக்கிறது என்று சொல்ல வேண்டியிருந்தது. நன்றாக விழவில்லை. யாரும் அதைச் சொல்லவில்லை. நான்கூட.

தேர்தல் வந்தது. வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அவளுக்கும் எனக்கும் ஒரே ஸ்கூல். வயதைப் பார்த்து வகுப்பறை பிரிப்பார்கள் என்பதால் ஒரே வரிசையும்கூட. காலையில் நான் போனபோது பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, கல்யாணத்துக்கு வந்தவள் போல் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நரை ஒன்றுகூட இல்லை. தலை கன்னங்கரேலென்று மின்னியது.

"மொத ஓட்டு. நரைச்ச தலையோடவா போவேன்? நேத்து நானே டை அடிச்சிக்கிட்டேன்" என்று பெருமையாகத் தலையைத் தொட்டுக் காட்டினாள்.

அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன்.

எத்தனை பேருக்கு டை அடித்திருப்பாள்! கிளவுஸ் போடாமல் டை டப்பாவைத் தொட்ட உதவிக்காரப் பெண்களை எப்படி ஏசியிருப்பாள்! தன் தலைக்கு அடிக்கும்போது, சந்தோஷத்தில், வெறுங்கையால் அடித்திருக்கிறாள். பத்து விரலும் கறுப்பு. இடது கை ஆள்காட்டி விரலில் நகத்தைச் சுற்றி, நகத்துக்கு அடியில், அச்சு அசலாக ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவளுடைய விரல்.

என் முகத்தைப் பார்த்ததும் அவளும் குனிந்து பார்த்தாள். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுடைய விரலை வாங்கிப் பார்த்தவள், தன் விரலை அன்றைக்குத்தான் பார்த்தாள் போலிருக்கிறது. உள்ளே விரலைப் பார்த்துத்தான் விடுவார்கள் என்பது அவளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முந்தானையில் எச்சில் தொட்டுத் தேய்த்தாள். வரிசையில் யாரோ கைச்சுத்திகரிப்பு ஜெல் கொடுத்தார்கள். யாரோ கேன்டீனிலிருந்து எலுமிச்சை வாங்கி வந்தார்கள். விரல் சிவந்தது. கறுப்பு போகவில்லை. அவள் அடிக்கிற டை போகாது என்பதுதான் அவள் கடைக்கே விளம்பரம். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. அவள் விரலைத் தேய்த்துக்கொண்டே நகர்ந்தாள்.

முதல் மேசையில் ஒரு இளம் டீச்சர். ஐசியை வாங்கினார், விரலைக் காட்டச் சொன்னார், நிறுத்திவிட்டார். ஆன்டி ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டீர்களா என்று மலாயில் தணிந்த குரலில் கேட்டார். அறையே திரும்பிப் பார்த்தது. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அக்கா கையை நீட்டி என்னைத் தடுத்தாள்.

பிறகு பத்து விரலையும் மேசை மேல் விரித்து வைத்தாள். தலையைக் குனிந்து, நெற்றி ஓரத்திலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டியிருந்த கறுப்பைக் காட்டினாள். நல்ல மலாயில், நிதானமாகச் சொன்னாள். இது ஹேர் டை. பத்து விரலிலும் இருக்கிறது. நான் பத்து ஓட்டுப் போட வரவில்லை. இந்த வயது வரைக்கும் ஒன்றுகூடப் போட்டதில்லை. இன்றைக்கு அழகாக வர வேண்டும் என்று நினைத்தேன்.

தலைமை அதிகாரி எழுந்து வந்தார். விரலைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். அவள் பெயர் இன்னும் கோடு விழாமல் இருந்தது. ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, விடுங்கள் என்று தலையசைத்தார். போகிற போக்கில், எந்த பிராண்ட் டை என்று கேட்டுவைக்கும்படி டீச்சரிடம் சொன்னார். அவருக்கும் நரைதான்.

அதோடு முடிந்ததா? மை வைத்தார்கள். கறுப்பு மேல் கறுப்பு. தெரியவில்லை. அக்கா நகரமாட்டேன் என்றுவிட்டாள். தெரிகிற மாதிரி வைத்தால்தான் போவேன் என்றாள். பாவம், மை வைக்கிற பையன் விரலின் பாதிவரை மையில் முக்கி எடுத்தான்.

சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனாள். வரவில்லை. எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், ஆன்டி உள்ளே சமைக்கிறாங்களா என்று முணுமுணுத்தார். நான் திரும்பினேன்.

"ஒங்க வீட்டுல தண்ணி கொதிக்குதா அண்ணே? நில்லுங்க. அவங்க மெதுவா போடட்டும்."

கடைசியில் வந்தாள். மடித்த சீட்டை இரண்டு கையாலும் பிடித்து, பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல் பெட்டிக்குள் விட்டாள். நான் யாரைப் பார்த்தும் மலைத்து நின்றவள் இல்லை. அன்றைக்கு நின்றேன். என் கையிலும் சீட்டு இருப்பதை டீச்சர் இரண்டு முறை கூப்பிட்டு நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

மறுநாள் பார்லருக்குப் போனேன். எங்கள் தொகுதியில் ஜெயித்தவர் மலைபோல வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். யாருக்குப் போட்டிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது, ஒரு ஓட்டுக்கு இந்தப் பாடா என்று என் வாய் சும்மா இருக்காமல் கேட்டது. அக்கா நூலை எடுத்தாள்.

"எண்ணுனாங்கல்ல? அதுல என்னையும் எண்ணிருப்பாங்கல்ல?"

நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

இப்போது மில்லையும் மாடியையும் இடித்துவிட்டார்கள். அக்கா பந்திங்கில் மகன் வீட்டில் இருக்கிறாள். போன மாதம் போய்ப் பார்த்தேன். ஐசியில் முகவரியை மாற்றிவிட்டாயா என்று கேட்டேன். மாற்றினால் வேறு ஸ்கூலில் போடச் சொல்வார்களாம், அவளுக்கு அந்த வகுப்பறைதான் வேண்டுமாம், பஸ் பிடித்து வந்துவிடுவாளாம்.

முட்டி வலியோடு பஸ்ஸாம், பஸ். அடுத்த தேர்தல் எப்போது வைக்கிறார்களோ வைக்கட்டும். அன்றைக்குக் காலையில் பந்திங்குக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போகப்போவது நான்தான். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.