இரும்புக்கழுகின் பச்சை பூட்ஸ்

மீசை முளைத்த ஒருவன் பொம்மை வைத்திருக்கிறான் என்றால் எங்கள் ஊரில் இரண்டு சந்தேகம்தான் வரும். அவன் வீட்டில் குழந்தை இருக்கும். இல்லையென்றால் அவனுக்கே ஏதோ இருக்கும். எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. அதனால் தென்காசியில் எங்கள் தெரு என்னைப் பற்றி இரண்டாவது முடிவுக்கு வந்திருந்தது.

நான் சேர்த்தது சூப்பர் ஹீரோ பொம்மைகள். யாராவது 'பொம்மை' என்றால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். "ஆக்‌ஷன் ஃபிகர்" என்று திருத்துவேன். (அம்மா ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "என்ன எழவோ" என்று விட்டுவிட்டாள்.) சேர்த்ததோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். மதிப்புப் போடவும் கிளம்பினேன். மூட்டு தளர்ந்திருக்கிறதா, போர்வை மடங்கியிருக்கிறதா, பாதத்துக்கு அடியில் முத்திரை இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவேன். எல்லாவற்றுக்கும் மேலே வண்ணப் பிசகு. தொழிற்சாலையில் தவறிப்போய் ஒரே ஒரு பொம்மைக்கு மட்டும் கலர் மாறிவிட்டால், உலகம் முழுக்க அதற்குத்தான் அடிதடி. அப்படி ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் என் வாழ்க்கை லட்சியம். இதற்காகச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பேன். பிற்காலத்தில் என்னை எல்லாரும் தேடி வரப்போகிறார்கள் என்று மனதார நம்பினேன். அப்போதைக்குத் தேடி வந்தவர் வாடகை கேட்க வந்த வீட்டுக்காரர் ஒருவர்தான்.

இந்த லட்சணத்தில் எனக்குச் சுரண்டையில் பெண் நிச்சயமானது. சுபா. பெண்ணைப் பார்த்த அன்றே, இவள் கிடைக்காவிட்டால் நான் அவ்வளவுதான் என்று தோன்றிவிட்டது. (பொம்மை விஷயத்தில்கூட அத்தனை வேகமாக முடிவு எடுத்ததில்லை.) அவள் அப்பாவுக்கு அங்கே பெரிய ஹார்டுவேர் கடை. நல்ல மனிதர். ஆனால் அவருடைய அக்கா, பேச்சியத்தை, ஆரம்பத்திலிருந்தே என்னை ஓரக்கண்ணால்தான் பார்த்தாள். "பையன் முழி சரியில்லையே" என்று அவள் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அந்த வீட்டில் பேச்சியத்தை வேண்டாம் என்றால் அப்புறம் யாரும் வேண்டும் என்று சொல்ல முடியாது.

கல்யாணத்துக்கு முன்னால் மாமா குற்றாலம் போகிற வழியில் புது வீடு கட்டி முடித்தார். மாடியைச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவதாகத் திட்டம். வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சு. சாரல் அதற்குள் தொடங்கிவிட்டிருந்தது. கிளம்பும்போதே அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, அங்கன போயி பொம்மைப் பேச்ச எடுத்த, எனக்குக் கெட்ட கோவம் வரும். அவுககிட்ட நீ கலைப்பொருள் சேக்கன்னு சொல்லி வச்சிருக்கேன், பாத்துக்கோ."

"நான் என்ன பச்சப் பிள்ளையாம்மா?" என்றேன்.

வீட்டு வாசலில் இறங்கி நிமிர்ந்தேன். மாடியின் முகப்பில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில், கயிற்றில் கட்டித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான் சூப்பர் ஹீரோ இரும்புக்கழுகு! நீல உடுப்பு, மஞ்சள் போர்வை, நெஞ்சில் கழுகு. முகத்தில் சந்தனம் அப்பி, கன்னத்தில் கரிப்பொட்டு வைத்திருந்தார்கள். கட்டுகிற வீட்டுக்குக் கண் படாமல் இருக்க வைக்கோல் பொம்மை தொங்கவிடுவார்கள் இல்லையா, அது சாரலில் ஊறி அவிழ்ந்துபோனதாம். கையில் அகப்பட்ட இவனைக் கட்டிவிட்டார்கள். அதைக்கூட மன்னித்திருப்பேன். ஆனால் என் கண்ணில் பட்டது வேறு. இரும்புக்கழுகுக்கு இரண்டு பூட்ஸும் சிவப்பு. இவனுக்கு இடது கால் சிவப்பு, வலது கால் பளீரென்று பச்சை.

வண்ணப் பிசகு! உலகமே தேடுகிற சாமான், கழுத்தில் எலுமிச்சம்பழத்தோடு மழையில் நனைகிறது. மாமா என் கையைப் பிடித்து என்னென்னவோ பேசினார். "தேக்கு மாப்ள, எல்லாம் செங்கோட்டைத் தேக்கு" என்றது மட்டும் ஞாபகம். நான் அவர் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டே, "வலது கால்தானே?" என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, என் வலது காலையும் பார்த்தார்.

முன்வாசல் பந்தலில் பந்தி நடந்தது. எல்லாரும் இலைக்கு உட்கார்ந்த நேரம் பார்த்து நான் மாடிக்கு நழுவினேன். திருடும் எண்ணமெல்லாம் சத்தியமாக இல்லை. கழற்றி, முத்திரையைப் பார்த்து, மார்க் போட்டு, திரும்பக் கட்டிவிடுவது என்பதுதான் திட்டம். கைப்பிடிச் சுவரில் வயிற்றைக் கொடுத்துக் குனிந்து முடிச்சில் கைவைத்தேன். ஒரு பொம்மையைக் கட்ட இத்தனை பெரிய முடிச்சு எதற்கு என்று அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா? மதிப்பீட்டாளருக்கு யோசிக்க ஏது நேரம்! பல்லால் கடித்து அவிழ்த்தேன்.

பந்தல்காரர் பந்தலின் ஒரு மூலையையும் அதே கம்பியில், அதே முடிச்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார். காலையிலிருந்து பெய்த சாரல் முழுக்கப் பந்தல் துணியில் குளமாகத் தேங்கி நின்றிருந்தது. பொம்மை என் கைக்கு வந்தது. மூலை கீழே போனது. அத்தனை தண்ணீரும் ஒரே மூச்சில் இறங்கியது. குற்றாலம் மெயின் அருவிக்குப் போகாமலே குளித்தவர்கள் அன்றைக்கு எங்கள் சொந்தக்காரர்கள்தான். அருவி நேராக விழுந்த இடம், பேச்சியத்தையின் இலை.

"யாருலே அது மாடில? அய்யோ, திஷ்டி பொம்மைய அவுத்துட்டாம்லே!" என்று யாரோ கத்தினார்கள்.

நான் பூதக்கண்ணாடியோடு கீழே பார்த்தேன். ஊரே மேலே பார்த்தது. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

கீழே இறங்கி வந்தேன். பேச்சியத்தை முந்தானையைப் பிழிந்துகொண்டே தம்பியிடம் பாய்ந்தாள். "பந்தி முடிஞ்சு பூசணிக்கா உடைச்சபொறவுதான் அத எறக்கணும்னு படிச்சிப் படிச்சி சொன்னேன். பால் காய்ச்சின அன்னைக்கே பந்தலச் சாய்ச்சிட்டான். நாளைக்கு வீட்டச் சாய்ப்பான். இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம்டே."

மாமா கோபப்படவில்லை, அதுதான் எனக்கு அதிகப் பயம். "எதுக்கு மாப்ள அவுத்தீய?" என்று நிதானமாகக் கேட்டார்.

'காற்றில் ஆடியது, இறுக்கிக் கட்டப் போனேன்' என்று ஒரு நல்ல பொய் வாய் வரைக்கும் வந்தது. கண் எதிரே பச்சை பூட்ஸ். வாய் தானாகப் பேசிவிட்டது. "மாமா, இது லேசுப்பட்ட சாமான் இல்ல. வலது பூட்ஸ் பாருங்க, பச்ச. கம்பெனிக்காரன் செஞ்ச தப்பு. உலகத்துலயே இந்த ஒண்ணுதான் இருக்கும். மழைல போட்டிருக்கீங்களே!"

அப்போது சுபா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என் கையிலிருந்து பொம்மையை வாங்கினாள். பச்சை பூட்ஸை நகத்தால் சுரண்டினாள். உள்ளே சிவப்பு தெரிந்தது.

"கம்பெனிக்காரன் தப்பு இல்ல. நான் செஞ்ச தப்பு. நாலாப்பு படிக்கையில அடிச்ச நெயில் பாலிஷ். ஒரு காலுக்கு அடிச்சதுமே தீந்துபோச்சு" என்றாள். "குற்றாலத்துல சீசன் கடைல அழுது வாங்கினது. ஒரிஜினலும் கிடையாது."

பூமி பிளந்திருந்தால் குதித்திருப்பேன். ஒரிஜினல் இல்லை என்பதைக் கண்டுபிடிக்கத்தான் நான் பூதக்கண்ணாடி வைத்திருந்தேன்! பெண் போச்சு, மானம் போச்சு. பொம்மையும் டூப்ளிகேட்.

"அதைத் திரும்பக் கட்டிருவோம்" என்றார் மாமா. பேச்சியத்தை விடவில்லை. "எறக்கினத ஏத்தக் கூடாது. புதுசு வேணும். அது வாரவரைக்கும் வீடு சும்மா நிக்கணுமா? வாரவன் போறவன் கண்ணெல்லாம் வீட்டுமேல விழவா?"

சுபா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் உதடு துடித்ததை அழுகை என்றுதான் நினைத்தேன். "தென்காசிக்குப் போயி புதுசு வாங்கிட்டு வாரவரைக்கும், அவுத்தவங்களே மேல நிக்கட்டும் அத்த. இப்பவே எல்லாரும் அவங்களத்தான பாக்காங்க, வீட்ட எவன் பாக்கான்?"

முதலில் சிரித்தது மாமா. அப்புறம் பந்தியே சிரித்தது. பேச்சியத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. உள்ளே போய்க் கரியும் சந்தனமும் எடுத்து வந்து என் கன்னத்தில் தன் கையாலேயே பொட்டு வைத்தாள்.

மாடி முகப்பில், சாரலில், கையில் இரும்புக்கழுகோடு நின்றேன். அருவிக்குப் போகிற வேன்கள் நின்று பார்த்துவிட்டுப் போயின. அருவியில் குளிக்கத் தலையில் எண்ணெயோடு நடந்து போன ஒருவர், "என்ன அண்ணாச்சி, வேண்டுதலா?" என்று அக்கறையாக விசாரித்தார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல! சுபா கீழே நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க, எனக்கு வெட்கம் போய், இவள் நமக்குத்தான் என்று தைரியம் வந்தது. கடைசியில் புதுப் பொம்மை வந்து சேர்ந்ததும் பூசணிக்காயை வீட்டுக்குச் சுற்றினார்கள். கூடவே எனக்கும் ஒரு சுற்று சுற்றி உடைத்தார்கள்.

கல்யாணம் நடந்தது. இரும்புக்கழுகு இப்போது என் கண்ணாடி அலமாரியில் நடுத்தட்டில் நிற்கிறான், பாதி சுரண்டிய பச்சை பூட்ஸோடு. அவனுக்கு மட்டும் நான் மார்க் போடுவதில்லை. சொந்தத்தில் யார் கார் வாங்கினாலும், கடை திறந்தாலும், "மாப்ளையக் கூப்ட்டாச்சா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

போன மாதம் பேச்சியத்தையிடமிருந்தே போன் வந்தது. சுரண்டையில் அவள் மகன் வீடு கட்டியிருக்கிறான், பால் காய்ச்சு.

"திஷ்டி பொம்மை ஒண்ணும் வாங்கல, மாப்ள. அதான் நீங்க வாரியள்லா. விடியமுன்ன வந்திருங்க."

"சரி அத்த. என்ன சட்ட போட்டுட்டு வரட்டும்?" என்று கேட்டேன்.

"சட்ட எதுன்னாலும் சரி. பொட்டு நான் வச்சு விடுதேன்" என்றாள்.